இடைப்படி

அப்பா இறந்து நாற்பது நாள் கழித்து அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக வங்கிக்குப் போயிருந்தோம். அயனம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி, "சார் ஆபீசரா, ஜவானா?" என்று கேட்டார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "ரெண்டும் இல்லப்பா. நடுவுல இருந்தாரு" என்றாள். "நடுவுலன்னு ஒண்ணும் இல்லையேம்மா, ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணுங்க" என்றார் அவர்.

அப்பா சுபேதாராக ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு வாசலில் அவர் பெயருக்குக் கீழே 'சுபேதார் (ஓய்வு)' என்று கருங்கல்லில் வெட்டிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. ஏரிக்கரைப் பக்கம் மனை வாங்கி இந்த வீட்டைக் கட்டியபோது தளம் போடுவதற்கு முன்பே அந்தக் கல்லுக்குச் சொல்லிவிட்டார். ஆவடியைச் சுற்றிய பகுதிகளில் இப்படிப் பெயர்ப்பலகைகள் புதிதல்ல. டாங்கித் தொழிற்சாலையும் படைத்தளவாடக் கிடங்கும் உள்ள ஊரின் சுற்றுப்புறத்தில், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் மனை வாங்கிக் குடியேறுவது இயல்புதான். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவர்கள் 'மிலிட்டரிக்காரர்'தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை படிகள் என்பது வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த இளைஞரின் கேள்வியில் தவறில்லை. உலகின் பெரும்பாலான படைகளில் மனிதர்கள் இரண்டாகத்தான் பிரிக்கப்படுகிறார்கள். ஆட்சேர்ப்பில் வந்து சிப்பாயாகச் சேர்பவர்கள் ஒருபுறம், ஆணை பெற்று அதிகாரியாக நுழைபவர்கள் மறுபுறம். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கு தனியாக நிற்கிறது. நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். குதிரைப்படை மரபில் வந்த பிரிவுகளில் சுபேதாருக்குப் பதில் ரிசால்தார். ஆங்கிலத்தில் இவர்களை ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர், சுருக்கமாக ஜேசிஓ என்கிறார்கள். வெளிநாட்டுப் படைகளில் வாரண்ட் அதிகாரிகள் உண்டு. ஆனால் அமெரிக்கத் தரைப்படையின் வாரண்ட் அதிகாரி பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பத்தின் வல்லுநர். நம் சுபேதாரின் வேலை அதுவல்ல. மேலே இருப்பவரின் சொல்லைக் கீழே இருப்பவருக்குப் புரியும்படி சொல்வதும், கீழே இருப்பவரின் முணுமுணுப்பை மேலே இருப்பவர் காதுக்கு எட்டும்படி, ஆனால் அவர் கோபப்படாதபடி சொல்வதும்தான் அவர் வேலை. அதற்கென்றே உண்டாக்கப்பட்ட படி அது. எப்படி உண்டானது என்பதைப் பார்த்தால், ஒரு பெண்ணாக எனக்கு அது மிகவும் பழக்கமான இடமாகத் தெரிகிறது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். முகலாய ஆட்சியில் சுபா என்றால் மாகாணம், சுபேதார் என்றால் மாகாணத்தை ஆள்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதே சொல் ஒரு கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கும் இந்தியரைக் குறித்தது. மாகாணம் சுருங்கி நூறு பேராயிற்று. அவருக்குக் கீழே ஜமேதார், அதற்கும் கீழே ஹவில்தார், நாயக். நாயக் என்பது நாம் அறிந்த நாயகன்தான். தலைவனைக் குறித்த சொல், சிறு குழு ஒன்றின் பொறுப்பாளருக்குப் பெயராகிவிட்டது. கம்பெனி பட்டங்களின் ஓசையை வைத்துக்கொண்டு பொருளைக் குறைத்துக்கொண்டது.

தொடக்கத்தில் இவ்வளவு குறையவில்லை. சென்னைப் படையின் ஒழுங்கான சிப்பாய்ப் பட்டாளங்கள் 1758 வாக்கில் அமைக்கப்பட்டன. அதற்கு முன்பே சிப்பாய்களுக்குத் தலைவராகக் கமாண்டண்ட் பொறுப்பில் இருந்தவர் யூசுப்கான், நம் கதைப்பாடல்களின் கான் சாகிபு. மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகிக்கும் அளவுக்கு உயர்ந்தவர். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். ஓர் இந்தியன் தனித்துப் படை நடத்தினால் என்ன ஆகும் என்ற பாடத்தைக் கம்பெனி அவரிடமிருந்து கற்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் பட்டாளத் தலைமை முழுவதும் ஐரோப்பியரிடம் போனது. 18ஆம் நூற்றாண்டு முடியும்போது சுபேதார்தான் ஓர் இந்தியச் சிப்பாய் எட்டக்கூடிய உச்சி. முப்பது ஆண்டுகள் போரிட்ட சுபேதாரும் நேற்று கப்பலில் வந்திறங்கிய பதினாறு வயது ஆங்கிலேயப் பையனுக்குக் கீழேதான்.

இந்தப் படியில் நிற்பவர்கள் யார் பக்கம் என்ற கேள்வி 1806இல் வேலூரில் வெடித்தது. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் ஜான் கிராடக் புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும். அடுத்து ஒரு புதுத் தலைப்பாகையும் வந்தது. அது ஐரோப்பியத் தொப்பியைப் போல இருந்தது. அதை அணிய மறுத்த சிப்பாய்களில் இருவருக்கு 1806 மே மாதத்தில் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சதி நடக்கிறது என்றார். அதிகாரிக்குச் சிப்பாயின் மொழியிலும் மனத்திலும் நேரடி வழி கிடையாது. எனவே அதை விசாரிக்கும் வேலை இந்திய அதிகாரிகளிடம், அதாவது சுபேதார்களிடமும் ஜமேதார்களிடமும் விடப்பட்டது. அவர்களில் சிலரே சதியில் இருந்தார்கள். முஸ்தபா பெக்குக்குப் பைத்தியம் என்று அவர்கள் சொன்னார்கள். அவரைச் சிறையில் வைத்தார்கள். ஜூலை 10 அதிகாலையில் கோட்டை சிப்பாய்களின் கைக்கு வந்தது. முன்னின்றவர்களில் சுபேதார் ஷேக் ஆதம், ஜமேதார் ஷேக் காசிம் ஆகியோர் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்கள் 6 பேர், துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள் 5 பேர், தூக்கிலிடப்பட்டவர்கள் 8 பேர். முஸ்தபா பெக்குக்கு 2000 பகோடா பரிசும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் தரப்பட்டன.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தலைப்பாகை உத்தரவு சிப்பாய்களை அடைந்த வழி. அந்த உத்தரவைக் கிராடக் நேரில் வந்து சிப்பாயிடம் சொல்லவில்லை. சுபேதார்தான் வரிசையின் முன் நின்று சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்ன வாயின் தலையிலும் அதே தலைப்பாகைதான் ஏறவேண்டும். ஆணையைச் சுமப்பவரும் ஆணைக்கு ஆட்படுபவரும் ஒரே ஆள். இடைப்படியின் இயல்பு இதுதான்.

நான் இதை வெறும் வரலாறாகப் படிக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். முனைவர் பட்டம் இருந்தது, இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்திருந்தன, நிரந்தர வேலை இல்லை. மாணவிகளுக்கு மேலே, நிரந்தரப் பேராசிரியர்களுக்குக் கீழே. ஒரு நாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். மாணவிகள் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தித்தான் வர வேண்டும், லெக்கின்ஸ் கூடாது, கூந்தலை விரித்து விடக்கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது என்றார். "நாங்க சொன்னா தப்பாப் போயிடும். நீங்க லேடி, சின்ன வயசு, உங்க மேல பொண்ணுங்களுக்கு மரியாதை. நீங்க பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

நான் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். முப்பத்தெட்டு பெண்கள் இருந்த வகுப்பில், இது என் கருத்தல்ல என்பதையும் குரலில் கொஞ்சம் கலந்து சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "மேடம், இதை எங்களுக்காகச் சொல்றீங்களா, அவங்களுக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் பெண் ஆசிரியர்களுக்கும் உடை விதி வந்தது. என் தலைக்குரிய தலைப்பாகையும் தயாராகத்தான் இருந்திருக்கிறது. ஆண்டின் முடிவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் புதுப்பிப்புக்கும் அந்தப் பக்குவத்துக்கும் தொடர்பில்லை என்று என்னால் இன்றுவரை என்னிடமே சொல்ல முடியவில்லை.

வேலூருக்குத் திரும்புவோம். அந்த இரவைப் பற்றி ஒரு பெண் எழுதிய நேரடிப் பதிவு இருக்கிறது. கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட்டின் மனைவி அமிலியா, இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து உயிர் பிழைத்ததை எழுதி வைத்தார். கணவர் கொல்லப்பட்டார். அச்சமும் துயரமும் நிறைந்த பதிவு அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அதே கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பத்துப் பெண்கள் சிறையிருப்பில் இருந்தார்கள். கிளர்ச்சிக்கு முந்தைய நாள்தான் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். பீரங்கி வாயில் கட்டப்பட்டவர்களுக்கும் வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களுக்கு எழுத்தறிவும் இல்லை, எழுதினால் படிக்க ஆளும் இல்லை.

சென்னைப் படைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. சிப்பாய்களின் குடும்பங்கள் பட்டாளத்தோடு கூடவே இடம்பெயர்ந்தன. வங்காளப் படைச் சிப்பாய் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வருவார். நம்மூர்ச் சிப்பாயின் மனைவி பானை சட்டியோடு அணிவகுப்புக்குப் பின்னால் நடந்தாள். திருமணமான படையினர் தங்கிய குடிசை வரிசையைக் குறிக்க ஆங்கிலோ-இந்தியர்கள் 'பாச்சேரி' என்றொரு சொல்லைப் பயன்படுத்தினார்கள். 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதன் வேரைத் தமிழின் பறச்சேரியில் காண்கிறது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்புப் பெயர், பட்டாளத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் இருப்பிடத்துக்குப் பெயராயிற்று. சாதி வகுத்த இடமும் பெண்ணுக்கு வகுத்த இடமும் ஒரே சொல்லில் சந்தித்துக்கொண்டன.

கம்பெனி அந்தக் குடும்பங்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் படையில் சிப்பாய்களின் மகன்களைச் சிறு வயதிலேயே பட்டியலில் சேர்த்துச் சம்பளம் தரும் முறை இருந்தது. 'ரெக்ரூட் பையன்கள்', 'பென்ஷன் பையன்கள்' என்று அவர்களுக்குப் பெயர். தந்தை இறந்த வீட்டில் அந்தப் பையனின் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. ஆக, ஒரு விதவைக்கு வந்து சேர்ந்த அரசுப் பணம் அவளுடைய மகன் வழியாக வந்தது. மகள் மட்டுமே உள்ள வீட்டுக்கு அந்த வழி இல்லை.

மேலே போகும் வழி அடைபட்டிருந்ததை மறைக்க அணிகலன்கள் தேவைப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுபேதார் மேஜர் என்ற பதவி உண்டாக்கப்பட்டது. 1837இல் 'ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' விருது வந்தது. பெற்றவர் 'சர்தார் பகதூர்', 'பகதூர்' என்று போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் படியும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஓர் ஆங்கிலேயச் சிப்பாய்க்கு உத்தரவிட முடியாது. பின்னாளில் இவர்களுக்கு 'வைஸ்ராய் கமிஷன் பெற்ற அதிகாரி' என்ற பெயர் அமைந்தது. அரசரின் கமிஷன் வெள்ளையருக்கு, வைஸ்ராயின் கமிஷன் இந்தியருக்கு. முதல் உலகப் போர் நடந்த 1917இல்தான் ஒன்பது இந்தியருக்கு அரசரின் கமிஷன் கிடைத்தது. இந்திய அதிகாரிகளைப் பயிற்றுவிக்க டேராடூனில் பயிற்சிக் கழகம் 1932இல் தொடங்கியது.

பதவி உயர்வு மூப்பின்படி வந்தது. சீதாராம் என்ற வங்காளப் படைச் சுபேதாரின் தன்வரலாறாக 19ஆம் நூற்றாண்டில் ஒரு நூல் வெளியானது. அது உண்மையில் அவர் எழுதியதுதானா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். அதில் வரும் மனிதர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்து, முதுமையில் சுபேதாராகிறார். அதிகாரத்தைப் பயன்படுத்தும் வலு உடம்பில் இருக்கும்போது அதிகாரம் வருவதில்லை. யாருக்கும் ஆபத்தில்லாத வயதில்தான் அது தரப்படுகிறது. நம் குடும்பங்களில் பெண்ணுக்குச் சாவிக்கொத்து கிடைப்பதும் இந்த வயதில்தான். மாதவிடாய் நின்று, பிள்ளைகள் தலையெடுத்து, மருமகள் வந்த பிறகு.

இத்தனைக்கும் அந்தப் படியில் நின்றவர்களைச் சிறுமைப்படுத்திப் பேச என்னால் முடியாது. சுபேதார் சுப்பிரமணியன் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். அயனம்பாக்கமும் அப்போது அதே மாவட்டம்தான். 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் சென்னைச் சாப்பர்கள் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி வயலைத் துப்புரவாக்கும் பணியில் இருந்தார். ஜெர்மானியரின் அந்தக் கண்ணிவெடியில் முதலில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ஏறத்தாழ நான்கு நொடி கழித்துத்தான் அது மேலெழுந்து வெடிக்கும். சத்தம் கேட்டதும் அது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. உடன் இருந்தவர்கள் பிழைக்கட்டும் என்று தன் உடலால் அதை மூடினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்த நான்கு நொடியில் அவர் யாருடைய ஆணைக்கும் காத்திருக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு வைஸ்ராய் போய்விட்டார், படி போகவில்லை. அரசரின் அதிகாரி, வைஸ்ராயின் அதிகாரி என்ற பிரிவுக்கு வெள்ளையர்-இந்தியர் என்ற ஒரே காரணம்தான் இருந்தது என்றால், 1947க்குப் பிறகு அது தேவையற்றதாகியிருக்க வேண்டும். ஆனால் பெயர் மட்டும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் என்று மாறியது. 1965இல் ஜமேதார், நாயப் சுபேதார் ஆனார். அந்தப் பதவிப் பெயர் ஊர்வழக்கில் துப்புரவுப் பணியாளரைக் குறிக்கும் சொல்லாக இறங்கியிருந்தது. பெயரைக் கைவிட்டார்கள், அந்தச் சொல் இறங்கிப்போன இடத்தில் இருந்த மனிதர்களைப் பற்றி யோசிக்கவில்லை. நிறம் போன இடத்தில் வகுப்பும் ஆங்கிலமும் சாதியும் வந்து அமர்ந்தன. இன்றும் இருபத்திரண்டு வயது லெப்டினன்ட், நாற்பத்தைந்து வயது சுபேதாரை 'சாப்' என்று மரியாதையாக அழைப்பார். சல்யூட் மட்டும் சுபேதாரிடமிருந்து லெப்டினன்டுக்குப் போகும். ஓய்வுபெறும் தறுவாயில் சிலருக்குக் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டம் தரப்படும். கௌரவம் என்ற சொல்லை எங்கு பார்த்தாலும் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. எதைக் கொடுக்க மனமில்லையோ அதன் இடத்தில் வைக்கும் சொல் அது.

பெண்கள் இந்த ஏணியில் எங்கே இருந்தார்கள்? 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை தொடங்கியது. தலைமை, சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அந்தப் படையின் பெரும்பகுதி. கோலாலம்பூரின் ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்து, அதிகாரியாகிப் பர்மாவில் தலைமைப் பொறுப்பு ஏற்றார். ஆனால் அங்கும் அதிகாரிகள் பெரும்பாலும் பள்ளி சென்ற நகரத்துப் பெண்கள். பால்வெட்டிய கைகள் பெரும்பாலும் துப்பாக்கியோடு கீழ்ப்படியிலேயே நின்றன. நம் நினைவில் தங்கிய பெயர்களும் மேற்படியில் இருந்தவர்களுடையவைதான்.

சுதந்திர இந்தியத் தரைப்படை, மருத்துவமும் செவிலியமும் தவிர்த்த பிரிவுகளில் பெண்களை 1992இல்தான் அதிகாரிகளாக அனுமதித்தது. அவர்கள் பயிற்சி பெற்றது எங்கள் சென்னையின் பரங்கிமலையில். குறுகிய காலப் பணி மட்டும்தான். நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் கேட்டு நீண்ட காலம் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதங்களில் ஒன்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது அதன் சாரம். டெல்லியில் ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர், மேலே இருப்பவர்களின் தயக்கத்தைக் கீழே இருப்பவர்கள் தலையில் வைத்தார். என் அப்பாவைப் போன்ற ஒருவரிடம் யாரும் கேட்டதில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தைப் பாலினம் பற்றிய தேய்ந்த கற்பிதம் என்று தள்ளியது. பெண்களுக்கு நிரந்தரப் பணிக்கும் தலைமைப் பொறுப்புக்கும் வழி திறந்தது.

தீர்ப்பு வந்தபோது அப்பா உயிரோடிருந்தார். செய்தியைச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சுபேதாருக்கு உத்தரவு எந்தக் குரல்ல வந்தா என்ன? அது செய்யக்கூடியதா இருந்தா போதும்" என்றார். பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டால் சிரிப்பவர் அவர். அந்த வாதத்தில் தன்னைப் பற்றிச் சொன்னது பொய் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, பெண்கள் முதலில் மேலிருந்து நுழைந்தார்கள். கீழிருந்து நுழையும் கதவு 2021 மே மாதத்தில் திறந்தது. ராணுவக் காவல் படையில் 83 பெண்கள் சிப்பாய்களாகப் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். நடுவில் உள்ள படி மட்டும் காலியாகவே இருந்தது. 2024 ஜனவரியில் ஹவில்தார் பிரீத்தி ரஜக் சுபேதாராக உயர்த்தப்பட்டார். தரைப்படையின் முதல் பெண் சுபேதார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் துப்பாக்கி சுடும் அணியில் வெள்ளி வென்ற வீராங்கனை அவர். உயர்வு அந்தப் பதக்கத்துக்காக வந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பதக்கம் இல்லாத ஒரு பெண் சிப்பாய் வழக்கமான வழியில் நாயப் சுபேதார் ஆகப் பல ஆண்டுகள் பணியில் நீடிக்க வேண்டும். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் பெண்ணுக்கும் ஆணுக்கும் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதற்குப் பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவருக்கே தொடர வாய்ப்பு. பெண்ணுக்கு ஏணி கொடுத்த அடுத்த ஆண்டே ஏணியின் நீளம் குறைந்துவிட்டது.

இதைப் படிக்கும் தோழி ஒருத்தி கேட்கலாம், போர் செய்யும் அமைப்பில் பெண் எந்தப் படியில் நின்றால் நமக்கென்ன என்று. நியாயமான கேள்வி. ராணுவத்தில் பெண்கள் பெருகுவதை விடுதலை என்று நான் நினைக்கவில்லை. என் அக்கறை படியின் மீதானது. அதே படி பட்டாளத்துக்கு வெளியே எங்கும் கிடக்கிறது. வார்டன், மேஸ்திரி, தையல் தொழிற்சாலையின் பெண் சூபர்வைசர், மாமியார், கௌரவ விரிவுரையாளர். மேலே போக முடியாதவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் மீது கொஞ்சம் அதிகாரம் கொடுத்தால், அவர்கள் மேலே பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது கம்பெனி கண்டுபிடித்த உத்தியல்ல. கம்பெனி அதற்குச் சீருடை போட்டது, அவ்வளவுதான்.

என் அம்மாவும் அந்தப் படியில் நின்றவள். குடியிருப்பில் குடும்ப நலக் கூட்டம் நடக்கும்போது முன் வரிசையில் அதிகாரிகளின் மனைவிகள், அடுத்த வரிசையில் ஜேசிஓக்களின் மனைவிகள், பின்னால் ஜவான்களின் மனைவிகள். அம்மாவுக்குச் சம்பளம் இல்லை, பதவி இல்லை, ஆனால் வேலை இருந்தது. மேம்சாப் இந்தியில் சொல்வதைத் தமிழ்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி, வராண்டாவில் துணி காயப்போடக் கூடாது, நாளை விழாவுக்கு எல்லோரும் பட்டுப்புடவை. ஆறு வயதில் நான் அவள் மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். பின்னால் திரும்பி அவள் சொல்வது, முன்னால் மேம்சாப் சொன்னதைவிட எப்போதும் நீளமாக இருக்கும்.

வங்கியிலிருந்து திரும்பிய அன்று அதைப் பற்றிக் கேட்டேன். "அப்படி என்னம்மா கூடச் சேர்த்துச் சொல்லுவ?"

"பட்டுப்புடவை இல்லாதவ என்ன செய்வா? நல்லதா ஒண்ணு கட்டிட்டு வா, கேட்டா நான் பார்த்துக்குறேன்னு சொல்லுவேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"ஒரு தடவ கேட்டாங்க. எனக்கு இந்தி சரியாப் புரியலன்னு சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும்.

வேலூரில் அதிகாரியிடம் அவனுக்குப் பைத்தியம் என்று சொன்ன சுபேதார்களும், இந்தி புரியவில்லை என்று சொன்ன என் அம்மாவும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள். மேலிருந்து கீழே வரும் சொல் இவர்கள் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அதை அப்படியே கடத்தலாம், கொஞ்சம் மாற்றலாம், விழுங்கியும் விடலாம். முப்பத்தெட்டு பெண்களின் முன்னால் நான் நின்றபோது எனக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. நான் பக்குவமாகக் கடத்தினேன். அந்த மாணவி இப்போது எங்கோ வேலையில் இருப்பாள், அவளையும் யாராவது கூப்பிட்டு "நீங்க சொன்னா கேப்பாங்க" என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைப் போல் செய்திருக்க மாட்டாள் என்று நம்ப விரும்புகிறேன்.

படிவம் என்னவாயிற்று என்று சொல்லவில்லையே. அன்று வங்கியில் நான் 'ஜவான்' கட்டத்தில் குறியிடப் போனேன். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. அம்மா பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே இருந்த சின்ன இடைவெளியில் 'சுபேதார்' என்று எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து ஆபீசர் கட்டத்துக்குள் கொஞ்சம் ஏறிவிட்டது. இளைஞர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தி உள்ளே வைத்தார்.